எந்த மூடி தாங்கும்

2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளி வளாகத்தில், எல்.கே.ஜி. படித்த குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அந்தத் தொட்டி திறந்து கிடக்கவில்லை. அதன்மேல் இரும்பு மூடி இருந்தது. துருப்பிடித்த மூடி. விழுப்புரம் மாவட்டத்தில் தொட்டி, மூடி என்று இனி யார் பேசினாலும் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. "மூடி போட்டாச்சா?" என்ற ஒரே கேள்வியைத்தான் நாம் இதுநாள்வரை அளவுகோலாக வைத்திருந்தோம். அந்த அளவுகோல் அன்றோடு செல்லாமல் போய்விட்டது. திறந்த தொட்டியைக் கண்டால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறோம். மூடிய தொட்டியைக் கண்டால் கையை விட்டுவிடுகிறோம். அதனால் வலுவிழந்த மூடி, மூடியே இல்லாததைவிடக் கெட்டது.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கொல்லையில் மீன் தொட்டி கட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி நேரடியாகவே பொருந்தும். 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டம், கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் அலகுச் செலவு என்று கணக்கிட்டு, பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் தந்தது. திட்டத்தில் சேராமல் தன் செலவில் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடி, மூன்றடி ஆழம், செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிய தொட்டி; வெயிலில் தண்ணீர் கொதிக்காமல் இருக்கப் பாதியைத் தரைக்குள் இறக்கியிருப்பார்கள். இரண்டரை அடிக்கு நிரப்பினால் சுமார் 1,700 லிட்டர். தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் என்ன குஞ்சு, என்ன தீனி, மோட்டார் எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். மூடியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது கடைசி நாளில், கையில் மிஞ்சிய காசில், மிஞ்சிய பொருளில் செய்யப்படுகிறது.

முதலில் அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த வயதுக் குழந்தைக்கு உடம்பின் மற்ற பாகத்தைவிடத் தலை கனம். எட்டிப் பார்க்கும்போது நிலை தவறினால் தலைகீழாகத்தான் விழும். கத்தாது. சில அங்குலத் தண்ணீரும் சில நிமிடமும் போதும். ஆகவே மூடியிடம் நாம் கேட்பது, யாரும் பார்க்காத அந்தச் சில நிமிடங்களில் அது தானாக நின்று காக்க வேண்டும் என்பதே. இதை வைத்துப் பார்த்தால், மூடியைப் புதிதாக இருக்கும் நாளில் மதிப்பிடுவது வீண் வேலை. புதிதாக இருக்கும்போது எல்லா மூடியும் நன்றாகத்தான் இருக்கும். அது எப்படிப் பழுதாகிறது என்பதே கேள்வி. மெல்லப் பழுதாகிறதா, திடீரென்றா? பழுது வெளியே தெரிகிறதா, உள்ளே ஒளிந்திருக்கிறதா? பழுதான பிறகும் குழந்தையைத் தண்ணீருக்கு மேலேயே நிறுத்துமா? இந்த மூன்றையும் நான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். மீனுக்குக் கேடில்லாமை, காற்றோட்டம், விலை ஆகியவற்றை அடுத்த வரிசையில் வைக்கிறேன். இந்த வரிசையை மாற்றிப்போட்டால் தீர்ப்பும் மாறும் என்பதை வாசகர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் மீன் தொட்டிக்கென்று புழக்கத்தில் உள்ள அளவு எதுவும் இல்லை. அருகில் இருப்பது நீச்சல்குள மூடிகளுக்கான அமெரிக்கத் தரநிலை, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1346. எட்டடிக்கு மேல் அகலமான குளத்தின் மூடி 485 பவுண்டு, அதாவது சுமார் 220 கிலோ தாங்க வேண்டும் என்கிறது அது. எட்டடி வரை என்றால் 275 பவுண்டு, சுமார் 125 கிலோ. இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் யோசனை மெச்சத்தக்கது: விழுந்த குழந்தையின் எடையோடு, பதறி ஓடிவந்து மூடிமேல் ஏறும் பெரியவரின் எடையையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். நாலடித் தொட்டிக்கு யாரும் மேலே ஏறாமலே குழந்தையைத் தூக்கிவிடலாம் என்று வாதிடலாம். ஆனால் கொல்லையில் தட்டையாக, இடுப்புக்குக் கீழே இருக்கும் எதுவும் உட்காரும் இடமாகிவிடும். துணி உலர்த்தப்போகிறவர் ஏறி நிற்பார். நெல் மூட்டையை இறக்கி வைப்பார்கள். எனவே 125 கிலோ நமக்கு மிகையான அளவு அல்ல. அதே தரநிலை, மூடிமேல் மழைநீர் தேங்கக்கூடாது என்றும் சொல்கிறது. தேங்கிய நீரே இன்னொரு குட்டையாகும் என்பதை எண்ணிப் பார்த்த கூர்மை அதில் உண்டு.

இடைவெளிக்கு, விளையாட்டுத் திடல் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 1176 கைகொடுக்கிறது. 8 மில்லிமீட்டருக்கும் 25 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட ஓட்டையில் விரல் சிக்கும். 89க்கும் 230க்கும் இடைப்பட்டதில் உடம்பு நுழைந்து தலை சிக்கும். இந்த இரண்டு வரம்புகளுக்கும் வெளியே நின்றால் போதும். கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல வெல்டு மெஷ் 50 மில்லிமீட்டர். அது சரியாக நடுவில், பாதுகாப்பான இடத்தில் விழுகிறது.

இனி பொருள்கள்.

தகட்டு மூடியில் தொடங்குகிறேன், ஏனென்றால் சம்ப்புக்கும் கழிவுத் தொட்டிக்கும் பழகிப்போய் அதையே மீன் தொட்டிக்கும் எடுத்து வருகிறோம். அதன் நிறை வெளிப்படை: வெல்டிங் பட்டறையில் அரைநாளில் முடியும், மேலே கால் வைத்தால் முதல் வருடம் கல் மாதிரி நிற்கும், தண்ணீர் கண்ணில் படாததால் குழந்தைக்கு ஆசையும் எழாது. குறை அடிப்பக்கத்தில் இருக்கிறது. தொட்டியிலிருந்து எழும் ஆவி இரவில் தகட்டின் அடியில் துளியாகப் படிந்து, மடிப்பு விளிம்பிலும் ஆங்கிளும் தகடும் சேரும் இடுக்கிலும் தங்குகிறது. அந்த இடுக்கில் பெயிண்ட் பிரஷ் ஒருபோதும் போவதில்லை. துரு அங்கே தொடங்கி, ஏடு ஏடாக உப்பி, தகட்டை உள்ளிருந்து தின்கிறது. மேற்பரப்பில் மட்டும் ஆண்டுதோறும் பச்சை எனாமல் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எனாமல்தான் மிஞ்சும். அதன்மேல் ஒருநாள் எடை விழும். பழுது மறைவாக நடக்கிறது, திடீரென வெளிப்படுகிறது, எடையை நேராக உள்ளே தள்ளுகிறது. என் மூன்று கேள்விகளிலும் தோற்கும் பொருள் இது. காற்றோட்டம் இல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சம்ப்புக்கே இதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது நிழல்வலை. 50, 75 என்று சதவீதம் சொல்லி விற்கும் பச்சை வலை. மீனைப் பொறுத்தவரை இதற்கு ஈடான மூடி குறைவு. கொக்கும் மீன்கொத்தியும் பூனையும் அண்டாது, சித்திரை வெயில் தணியும், காற்று தாராளமாகப் புகும், பிளாஸ்டிக்கிலிருந்து தண்ணீரில் கலக்கவும் ஒன்றுமில்லை. விராலைப் போலத் துள்ளி வெளியே பாயும் மீனையும் தடுத்துவிடும். இத்தனை நிறைகளும் மீனுக்கு. குழந்தைக்கு இது கண்ணி. ஏறினால் தொய்யும்; தொய்ந்து தண்ணீரைத் தொடும்; குழந்தையைச் சுற்றிக்கொண்டு எழவிடாமல் பிடிக்கும். நைலான் மீன்வலையை விரித்துக் கட்டினாலும் இதே கதிதான், பாம்பு சிக்கிக்கொள்ளும் தொல்லை அதில் கூடுதல். நிழல்வலையை நிழலுக்காகத் தனிக் கம்பம் நட்டு மேலே கட்டலாம். மூடி என்ற பெயரில் தொட்டி விளிம்பில் கட்டக்கூடாது.

பாலிகார்பனேட் ஷீட், பைபர் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மூன்றையும் ஒன்றாகவே ஒதுக்கிவிடலாம், காரணங்கள் வேறுவேறு என்றாலும். ஆஸ்பெஸ்டாஸ் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். கூரைமேல் ஏறி ஓடு உடைந்து விழுந்தவர்கள் எந்த ஊரில் இல்லை? பைபர் ஷீட் வெயிலில் உதிர்ந்து கண்ணாடி இழையைத் தண்ணீரில் கொட்டும். பாலிகார்பனேட் வலுவானதுதான், ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரிடம் மூச்சு குறைவாக இருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் மாவட்டத்தில், காற்று புகாத எந்த ஷீட்டும் தொட்டிக்கு ஆகாது.

பி.வி.சி. குழாயில் சட்டம் கட்டி வலை மாட்டுவது இப்போது பரவலாக இருக்கிறது. செலவு குறைவு, துரு கிடையாது, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் குடிநீர்க் குழாயாகச் செய்யப்பட்ட பொருளை வெயிலில் கிடக்கும் உத்தரமாக்குகிறோம். புற ஊதாக் கதிரில் அது வெளுத்து மொறுமொறுப்பாகிவிடும். வெளுப்பு கண்ணுக்குத் தெரியும், எவ்வளவு வலு போயிற்று என்பது தெரியாது. கோழி உள்ளே விழாமல் தடுக்க இது போதும். அதற்கு மேல் இதை நம்பக்கூடாது.

சிமெண்ட் பலகைக்கும் கடப்பைக் கல்லுக்கும் வேறு விதமான கோளாறு. அவை தாங்கும், ஐயமில்லை. இரண்டு அங்குலக் கான்கிரீட் பலகை ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோவுக்கு மேல் கனக்கும். தீனி போட நாளுக்கு இரண்டு முறை திறக்க வேண்டிய தொட்டியில் அந்தக் கனம் என்ன செய்யும்? முதல் வாரத்திலேயே ஒரு பலகையை நகர்த்தி ஒருபுறம் சாய்த்து வைத்துவிடுவார்கள், அது அங்கேயே நிற்கும். சாய்த்து வைத்த கல் தொட்டியைவிட ஆபத்து. பயன்படுத்துகிறவரின் கை எதைத் தவிர்க்குமோ அதைக் கட்டாயப்படுத்தும் வடிவமைப்பு, காகிதத்தில் எவ்வளவு வலுவாக இருந்தாலும் தோல்விதான்.

மரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சவுக்கு இந்தப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும். நேராக இருக்கும், முதலில் நல்ல வலுவும் உண்டு. ஆனால் பச்சையாக வெட்டிய கழி ஈரத்தில் இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டுவதே பெரிது. கரையானும் துளைப்பானும் உள்ளே புகுந்துவிடும். மூங்கிலிலும் அப்படியே, மேலே பளபளப்பு, உள்ளே மாவு. பனை வேறு. வயதான மரத்தின் வைரம் பாய்ந்த கருப்பு நாரைப் பிளந்து செய்த பனங்கை, ஓட்டு வீட்டுக் கூரையில் இரண்டு தலைமுறை நின்றிருக்கிறது. எடை ஏறினால் வளையும், வளைந்து கிறீச்சிடும், நார் நாராகப் பிரியும், அதற்குப் பிறகுதான் ஒடியும். ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணாலும் காதாலும் அறியலாம். மீனுக்குக் கேடு செய்யும் உப்பு எதுவும் அதில் இல்லை. இந்த ஊர்க் கொல்லைக்கு இயைந்த பொருள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் என் மனம் முதலில் இதைத்தான் நாடும்.

இருந்தும் மனம் நாடுவது தீர்ப்பாகிவிடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது நல்ல அறிவிப்பு. ஆகவே இடிக்கும் ஓட்டு வீடுகளிலிருந்து வரும் பழைய கைகளே வழி. அந்தப் பழைய கைகளுக்கு ஒரு வரலாறு இருக்கும். கரையானுக்காகத் தார் பூசியிருப்பார்கள், கழிவு எண்ணெய் ஊற்றியிருப்பார்கள், பூச்சி மருந்தும் அடித்திருக்கலாம். கருப்பாக இருப்பது வைரமா எண்ணெயா என்று இழைத்துப் பார்த்தால்தான் தெரியும். உள்பக்கச் சோறு போன்ற மெத்தைப் பகுதியை முழுதும் செதுக்கி எறிய வேண்டும். அது ஈரத்தைக் குடித்துக் கெடும். பழைய ஆணிகளைப் பிடுங்க வேண்டும். இத்தனையும் செய்யத் தெரிந்த தச்சர் கிடைத்தால் பனை மூடி தரமானது. கிடைக்காவிட்டால், பொருளின் பெருமையை நம்பிச் செய்த மோசமான மூடியாக முடியும். திறமையான கையைச் சார்ந்த பொருளை எல்லாருக்குமான பரிந்துரையாக வைக்க என்னால் முடியவில்லை.

மிஞ்சுவது கம்பியும் சட்டமும். இங்கேதான் உண்மையான போட்டி நடக்கிறது, பட்டறைகளில் அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான்.

சட்டத்துக்கு ஆங்கிளா, ஸ்கொயர் பைப்பா? ஒரு அங்குல ஆங்கிள், 3 மில்லிமீட்டர் கனம், மீட்டருக்கு 1.1 கிலோ. அதே ஒரு அங்குல ஸ்கொயர் பைப், 2 மில்லிமீட்டர் சுவர், மீட்டருக்கு 1.4 கிலோவுக்குச் சற்று மேல். எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. வளையாமல் தாங்கும் திறனோ ஏறத்தாழ மூன்று மடங்கு. நாலடி அகலத்துக்குக் குறுக்கே ஒற்றை ஒரு அங்குல ஆங்கிளைப் போட்டு நடுவில் ஒரு பெரியவர் நின்றால் அது நிரந்தரமாகவே வளைந்துவிடும். குழந்தையின் எடையை மட்டும் தாங்கும். கணக்கு பைப்பின் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் பைப் உள்ளே ஈரம் புகுந்தால் துரு உள்ளிருந்து தின்னும். தகட்டு மூடியின் அதே மறைவான பழுது இங்கே வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. ஆங்கிளில் ஒளிவிடமே கிடையாது, துரு பூத்தால் அன்றே தெரியும். ஆகச் சாதாரண இரும்பு என்றால் நான் ஆங்கிளைத்தான் எடுப்பேன், ஒரு அங்குலத்தில் அல்ல, ஒன்றரை அங்குலத்தில், ஐந்து மில்லிமீட்டர் கனத்தில். கனம் கூடும், கூடட்டும். துருப்பிடிக்காத எஃகு என்றால் பைப்பின் குறை தானே விலகிவிடுகிறது. அங்கே பைப்புதான் சரி, முனைகளை வெல்டு வைத்து அடைத்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

கம்பிவலைக்கு எல்லாரும் எடுப்பது ஜி.ஐ. வெல்டு மெஷ். துத்தநாகப் பூச்சு மீனுக்கு ஆகாது என்று ஒரு சாரார் முற்றாக மறுப்பார்கள். காலங்காலமாகப் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று மறுசாரார் சொல்வார்கள். இரண்டு பக்கமும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. கணக்கு இப்படிப் போகும். ஆறுக்கு நாலடி மூடியில் பத்து கேஜ், இரண்டு அங்குல வலையின் கம்பிப் பரப்பு ஏறத்தாழ 0.9 சதுர மீட்டர். ஆண்டுக்கு ஒரு மைக்ரான் துத்தநாகம் அரிக்கிறது என்று கொண்டால் ஆறரை கிராம். அவ்வளவும் தொட்டிக்குள்ளேயே விழுகிறது என்ற மிக மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். 1,700 லிட்டரில் அது ஆண்டுக்கு லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். வாரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் எந்த நேரத்திலும் அரை மில்லிகிராமைத் தாண்டாது. கடினத்தன்மை 100 உள்ள நீரில் நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்துள்ள வரம்பு 0.12 மில்லிகிராம். நம் கணக்கு உச்சக் கணக்கு. பாதித் துளி வெளியே சிந்தும், வண்டலில் கொஞ்சம் படியும், சிமெண்ட் தொட்டியின் காரத்தன்மையும் போர்த் தண்ணீரின் கடினத்தன்மையும் துத்தநாகத்தின் கடுமையை மட்டுப்படுத்தும். ஆக மறுப்பவர்கள் சொல்லும் அளவுக்கு நஞ்சும் இல்லை, போடுகிறவர்கள் நினைக்கும் அளவுக்கு நிரபராதியும் இல்லை. தண்ணீர் மாற்றுகிற தொட்டியில் வளர்ந்த கெண்டைக்கும் திலேபியாவுக்கும் ஏற்கலாம். குஞ்சுத் தொட்டிக்கும் இறால் விடும் தொட்டிக்கும் மழைநீர் மட்டுமே நிரப்பும் தொட்டிக்கும் கூடாது.

ஜி.ஐ.யின் பெரிய குறை மீனைப் பற்றியதே அல்ல. வலையைச் சட்டத்தோடு வெல்டு வைக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் துத்தநாகம் எரிந்து போகிறது. துரு அங்கேதான் பிறக்கும். எடையைத் தாங்கும் புள்ளியும் அதுவேதான். பட்டறைக்காரர் அந்தப் புள்ளிகளில் எனாமலை நேரடியாகத் தடவிக் கொடுப்பார். துத்தநாகத்தின் மேல் எனாமல் ஒட்டாது, சில மாதத்தில் தோலாக உரியும். ஜி.ஐ.க்கென்று தனி பிரைமர் உண்டு. அதைப் போட்ட பிறகே எனாமல். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தின் ஓரத்தில் கைவைத்து வலையை அசைத்துப் பார்த்தால், விட்டுப்போன வெல்டு கையில் ஆடும். பழுது தெரிந்த இடத்தில் தெரிகிறது, புள்ளி புள்ளியாக நடக்கிறது, ஒரு புள்ளி போனால் பக்கத்துப் புள்ளி பிடித்துக்கொள்கிறது. இந்த ஒரு பண்புக்காகவே வலை மூடி தகட்டு மூடியைவிடப் பல படி மேலானது.

பெயிண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2017 நவம்பர் முதல் நாட்டில் விதி. தொழிற்சாலைப் பெயிண்டுகளுக்கு அந்த விதி இல்லை. பட்டறையில் திறந்து வைத்திருக்கும் டப்பா எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரெட் ஆக்சைடு இரும்பு ஆக்சைடுதான், அதில் பெரிய கேடில்லை. அதே சிவப்பு நிறத்தில் ஈயச் செந்தூரம் கலந்த பழைய பிரைமர் வேறு. மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் அதைவிட மோசம், அதில் இருப்பது குரோமியத்தின் நச்சு வடிவம். மூடியைப் பிடித்து நிற்கும் குழந்தை அதைக் கடித்தும் பார்க்கும். எனவே இங்கே மீனுக்கான அளவுகோலும் குழந்தைக்கான அளவுகோலும் ஒன்றாகவே சேர்கின்றன. பெயிண்ட் நன்றாகக் காய்ந்து வாடை போகும்வரை, ஒரு வாரமாவது, மூடியைத் தொட்டிமேல் ஏற்றக்கூடாது.

துருப்பிடிக்காத எஃகு கடைசியாக. 304 தரம்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இதற்குப் பூச்சு தேவையில்லை, தண்ணீரில் கலக்கப் பொருட்படுத்தும்படி ஒன்றுமில்லை, ஈரத்தில் பல ஆண்டு நிற்கும். குறை என்று பார்த்தால் விலை, சாதாரண இரும்பைப்போலப் பல மடங்கு. இன்னொரு குறை, சந்தையில் அதே பளபளப்போடு நிற்கும் 202. அதில் நிக்கல் பாதியளவு, மாங்கனீஸ் அதிகம். ஈரம் நிலைத்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். காந்தம் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்புகிறவர்கள் பலர். 202லும் காந்தம் ஒட்டாது, 304லும் ஒட்டாது. அந்தச் சோதனை இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. தரத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவது ஒன்றே வழி.

ஆறுக்கு நாலடித் தொட்டிக்கு என் தீர்ப்பு இதுதான். 304 எஃகில் ஒரு அங்குல ஸ்கொயர் பைப் சட்டம், 2 மில்லிமீட்டர் சுவர். மூன்றுக்கு நாலடியாக இரண்டு கதவுகள், ஒவ்வொன்றிலும் நாலடியின் குறுக்கே நடுவில் ஒரு பைப். மேலே 304 எஃகில் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பி, இரண்டு அங்குல வலை. ஒரு கதவு சுமார் 11 கிலோ வரும்; கீலில் திறக்கப் பெரியவருக்குச் சிரமமில்லை, நான்கு வயதுக் குழந்தையால் ஆகாது. பணம் ஒத்துவராதவர் ஒன்றரை அங்குல இரும்பு ஆங்கிளும் ஜி.ஐ. வலையும் சரியான பிரைமரும் கொண்டு செய்துகொள்ளலாம். அது இரண்டாந்தரம், ஆனால் நேர்மையான இரண்டாந்தரம், தன் நோயை மறைக்காது. எதுவானாலும் தொட்டியை நிரப்புவதற்கு முன் வீட்டிலேயே கனத்தவர் ஒருவர் கதவின் நடுவில் ஏறி நின்று பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டும் தண்ணீர் இறைக்கும் நாளில் அதையே செய்ய வேண்டும். வளைந்து தண்ணீர் மட்டத்தைத் தொடும் என்றால் அது மூடி அல்ல.

பட்டறையில் கேட்காமலே வைத்துத் தரும் ஒன்றைத் தடுக்க வேண்டும்: தீனி போட அரை அடிக்கு அரை அடியில் ஒரு சின்னக் கதவு. அரை அடி 150 மில்லிமீட்டர். 89க்கும் 230க்கும் நடுவே, தலை சிக்கும் அளவில் அப்படியே பொருந்துகிறது. பாதுகாப்பு மூடியில் மிக ஆபத்தான ஓட்டையை நாமே காசு கொடுத்து வெட்டி வாங்குகிறோம். இரண்டு அங்குல வலை வழியாக மிதவைத் தீனி தாராளமாக விழும். அந்தக் கதவுக்கு வேலையே இல்லை. மீன் பிடிக்க முழுக் கதவையும் திறந்தாக வேண்டும், அதைத் திறக்கும்போது செங்குத்தைத் தாண்டிச் சாய்ந்து சங்கிலியில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் திரும்பி விழுந்து விரலை நசுக்கும். கொண்டியும் பூட்டும் விளிம்புக்கு வெளிப்புறம் இருக்கட்டும். பித்தளைப் பூட்டிலிருந்து சொட்டும் செம்பு மீனுக்கும், அதைவிட இறாலுக்கும், துத்தநாகத்தைவிடக் கொடியது.

கீல் பக்கம் தொட்டிச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்தக் காரணம் பெண்ணையாறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை. பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அரசூரில் தேசிய நெடுஞ்சாலைமேலேயே வெள்ளம் ஓடியது. திருவெண்ணெய்நல்லூர்ப் பகுதியில் தண்ணீர் வீடுகளுக்குள் வந்த அந்த நாட்களில், பாதி தரைக்குள் இறங்கிய ஒரு தொட்டியை நினைத்துப் பாருங்கள். செம்மண் நிற வெள்ளத்தில் தொட்டி எங்கே, தரை எங்கே என்று தெரியாது. வெறுமே எடுத்து வைத்த மூடி மிதந்தோ தள்ளப்பட்டோ போயிருக்கும். அங்கே கால் வைக்கிற குழந்தைக்கும் பெரியவருக்கும் காலடியில் இருக்கவேண்டியது, போல்ட் போட்ட வலை மூடி ஒன்றுதான். ஆற்றங்கரை ஊரில் மூடி, மூடி மட்டுமல்ல, தரையும்கூட. இந்த ஊருக்கு இந்த அளவுகோலை நான் எந்தத் தரநிலையிலிருந்தும் எடுக்கவில்லை.

பயோஃபிளாக் முறையில் தார்ப்பாய் போட்டு வைக்கும் நான்கு மீட்டர் வட்டத் தொட்டிகளுக்கு மேற்சொன்ன தீர்ப்பு செல்லாது. பன்னிரண்டரை சதுர மீட்டர் பரப்புக்கு மேல் நடுவே தாங்கல் இல்லாத மூடி வேண்டுமென்றால் அது பாலம் கட்டும் வேலை. அதற்காக நிழல்வலையை இழுத்துக் கட்டி மூடி என்று பெயர் வைப்பதை நான் பலமாக எதிர்க்கிறேன். அந்தத் தொட்டிகளின் உடம்பே வெல்டு மெஷ் கூண்டு; குழந்தையின் கால் விரல் வைக்க வாகான படிகள் அதில் வரிசையாக இருக்கின்றன, ஒன்றரை மீட்டர் உயரம் அதற்குத் தடையே அல்ல. அங்கே மூடியை விட்டுவிட்டு வேலி போட வேண்டும்: 1.2 மீட்டருக்குக் குறையாத உயரம், 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத செங்குத்துக் கம்பிகள், ஏற உதவும் குறுக்குக் கம்பி வெளிப்புறத்தில் இல்லாமல், தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ளும் கதவோடு. தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில் வாளி, தீனி மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் நிற்கக்கூடாது. வேலிக்கு வெளியே ஒட்டியும் நிற்கக்கூடாது.